கூண்டுக்குள் காராமணி

வெல்டாவின் கைகள் கணவர் கிரேடியைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தன. முதுகுக்கு அணைவாகத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு. முதியோர் இல்லத்தில் வேலைபார்த்துப் பழகிய கைகள். கிடப்பது கணவர் என்பதால் வேகம் குறைவதில்லை.

வாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்ததிலிருந்து கிரேடி எழுந்ததில்லை. இப்போது சாப்பாட்டையும் விட்டுவிட்டார். சோளக்கஞ்சியைக் காட்டினால் உதட்டைப் பூட்டிக்கொள்கிறார். இப்படியே இருந்தால், நாளை வரும் நர்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவாள். "வீட்டுலயே சாகணும்" என்பதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது.

ஜன்னலுக்கு வெளியே அலபாமாவின் கோடை வெயிலில் காராமணி தழைத்துக் கிடந்தது. வேட்டைக்கு மான்களை இழுக்க வருடாவருடம் அவர் விதைப்பது. இந்த வருடம் வெல்டா விதைத்தாள். நடுவில், வழக்கம்போல், ஆளுயரக் கம்பிக்கூண்டு. மான் மேய்ந்தால் வெளியே மொட்டையாகும், கூண்டுக்குள் மட்டும் செடி நிற்கும். எவ்வளவு தின்றன என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

மாலையில் கொழுந்தன் ராய்ஸ் வயலிலிருந்து வந்தான்.

"அண்ணி, உங்க மானுக்குப் புத்தி பெரண்டுபோச்சா? வெளிய ஒரு எலகூடக் கடிபடல. கூண்டுக்குள்ள வெறும் குச்சிதான் நிக்குது."

"முயலா இருக்கும்."

"இடுப்பு உசரத்துக்கா? ஏணி வச்சுத் தின்னுச்சோ?"

"எத்தன பீர் குடிச்ச?"

"சத்தியமா ஒண்ணுகூட இல்ல. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தாள். கம்பி அறுபடவில்லை, கூண்டை மண்ணோடு பிணைத்த முளைக்குச்சிகள் இறுகியிருந்தன. உள்ளே, சிவப்பு மண்ணில் குளம்புத்தடம் இல்லை. மனிதக் கைத்தடங்கள் இருந்தன. எல்லாமே இடது கை. காட்டோரத்தில் மான்கள் நின்றன. பயிரைப் பார்க்காமல், வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் கிரேடியின் வாயைத் துடைத்தாள். துணி பச்சையாக வந்தது. இடது கை நகங்களில் செம்மண்.

ராய்ஸ் கதவருகிலேயே நின்றுவிட்டான். "கட்டில் தடுப்பு ஏத்தித்தானே இருந்துச்சு, அண்ணி?"

"ஏத்தித்தான் இருந்துச்சு. வெந்நி கொண்டா, நகத்தைக் கழுவணும்."

மறுநாள் காலை வெல்டா காராமணிக் கொழுந்தைக் கிள்ளிவந்து, உப்புப் பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவைத்து, தொண்டையில் சிக்காதபடி மசித்தாள். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியை இடது கடைவாயில் வைத்தாள். வாய் திறந்தது. நர்ஸ் வந்தபோது பாதிக் கிண்ணம் காலி. அவர் எடை குறைந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனாள்.

அவள் கார் மறைந்ததும் வெல்டா குறடை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். கூண்டின் வீட்டுப்பக்கக் கம்பியை, ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வெட்டி, கூர்முனைகளைக் கையில் குத்தாதபடி மடக்கிவிட்டாள்.