நமுத்துப்போன மரத்தூள்

மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக இருந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் சூப்பர்வைசர். புதிதாக வருகிறவர்கள் மீட்டர், டென்சிட்டி எல்லாம் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். மரத்தூளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

சேர்ந்த அன்றே இன்ஜின் ஆயில் கேனைத் தவறவிட்டேன். அவசரமாகப் பக்கெட்டில் தண்ணீர் கொண்டு வந்தேன். மேனேஜர் தடுத்தார்.

"ஏம்பா, தண்ணி ஊத்துனா எல்லா எடத்துக்கும் பரவும். மரத்தூளப் போடு. போட்டுட்டு கால் மணி நேரம் அதுகிட்ட போவாத."

முதலில் ஆயிலைச் சுற்றித் தூளால் கரை கட்ட வேண்டும். பிறகு நடுவில் கொட்டி, துடைப்பத்தால் தேய்த்து, ஊறவிட்டு அள்ள வேண்டும். அள்ளியதை மூடியுள்ள டின்னில் தனியாக வைக்க வேண்டும். எண்ணெய் குடித்த தூள் சட்டென்று பற்றிக்கொள்ளும். கிரீஸ் கையைச் சோப்புத்தூளோடு மரத்தூள் சேர்த்துத் தேய்த்தால் போய்விடும். பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தால் கண்டக்டர் எங்களிடம்தான் ஒரு முறம் கேட்பார்.

2. யூசுப் பாய்

யூசுப் பாய் துபாயில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்தார். தினமும் பெட்ரோல் போடுவதற்கு முன்பே, "சாப்டியாப்பா?" என்று கேட்பார்.

ஒரு வருஷம் ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. மரத்தூள் மூட்டையை நான் ஷெட்டுக்கு வெளியே விட்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலை, உப்பு லாரி ஒன்றின் டீசல் டேங்க் பைப் உடைந்து, பங்க்கிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடமெல்லாம் டீசல். கோன் வைத்து வழியை அடைத்தோம். மூட்டையில் கை விட்டேன். தூள் ஜில்லென்று இருந்தது.

"அண்ணே, ஈரமா இருக்குதே," என்றான் பங்க்கில் வேலை செய்த குமார்.

"பரவால்ல, போடு," என்றேன்.

ஈரத்தூள் டீசலைக் குடிக்கவில்லை. களி மாதிரி குழைந்து, மேலே மட்டும் மூடிக்கொண்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கோனை நானே எடுத்தேன்.

முதலில் வந்தது யூசுப் பாயின் ஸ்கூட்டர். சறுக்கிக்கொண்டே போய், அவர் தலை மதகுக் கல்லில் மோதியது. ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ஒண்ணும் இல்லப்பா. சட்டைதான் டீசலாயிடுச்சு," என்றார்.

பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகும்போது கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் ஆம்புலன்ஸில் உயிர் போய்விட்டது.

தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளிகளில், பத்தடி தூரத்தில், காய்ந்த மணல் இருந்தது. அன்று அதை யாரும் தொடவில்லை. நானும் நினைக்கவில்லை.

3. அவர் வீட்டில்

ஒரு மாதம் கழித்துப் போனேன். அவர் மனைவி, கணவர் இறந்தபின் வெளியாட்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஈரமா இருந்தது உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."



"உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்வாரு. இனிமே இங்க வராதீங்கண்ணே."

போகவில்லை.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கடல் காற்றுக்கே மரத்தூள் நமுக்கும். வெயிலில் காயவைத்து டிரம்மில் மூடி வையுங்கள். போடுவதற்கு முன் ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டை பிடித்தால் அது உதவாது. மணல் தேடுங்கள், மண் தேடுங்கள், அதுவரை வழியை அடைத்தே வையுங்கள். ஹாரன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டு இருக்கட்டும்.