இன்குபேட்டருக்குச் சந்தனப் பொட்டு

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஊரே புழுவைக் கொல்ல மருந்தடித்துக்கொண்டிருக்க, அந்த ஊர்ச் சுடர்விழி தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் புழு வளர்த்தாள். நாலு வருஷமாக. நடவு வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்த அம்மா மலர்க்கொடி, கேட்டவர்களிடம் "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா" என்பார். எதைப் பற்றி என்று யாரும் கேட்காதவரை நிம்மதி.

ஒரு மில்லிமீட்டர் புழு. அதற்குள் முட்டையும் விந்தும் உருவாகும்போது செல்கள் தங்கள் டி.என்.ஏ.வைத் தாமே வெட்டும். ஜோடிக் குரோமோசோமைப் பார்த்து வெட்டை ஒட்டும். முட்டையாகப்போகிற செல்லில் ஒட்ட முடியாத சேதம் என்றால், அது பெரும்பாலும் தன்னையே முடித்துக்கொள்ளும். பிழையைப் பிள்ளைக்குத் தராது. ஆண் புழுவின் செல்லுக்கு அந்த ரோஷம் கிடையாது.

சரஸ்வதி பூஜையன்று துறைத் தலைவர் துரைராசு எல்லா இயந்திரங்களுக்கும் தம் கையாலேயே கற்பூரம் காட்டினார். ஆய்வக உதவியாளர் முருகையன் சந்தனப் பொட்டு வைத்து, வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் ஓய்வு கொடுத்தார். அதாவது, ஸ்விட்சை அணைத்தார். இந்த முறை புழுக்கள் இருந்த இன்குபேட்டரையும்தான். மதியம் சுடர்விழி வந்து பார்த்தபோது, இருபது டிகிரி இருக்கவேண்டிய பெட்டியில் முப்பத்துநாலு.

சூடுபட்ட ஆண் புழுக்களைச் சேர்த்த தட்டுகளில் பாதி முட்டை பொரியவில்லை. முட்டையிடும் புழுக்களில் சூடுபட்டவையோ, சூடுபடாத ஆண்களோடு சேர்ந்தபோது இட்ட முட்டைகள் ஏறக்குறைய எல்லாம் பொரிந்தன. பூஜைக்குப் பெட்டியை அணைத்ததையும் சேர்த்து அப்படியே அறிக்கையில் எழுதினாள். அடுத்த மாதம் ஆய்வுக் குழு. அறிக்கையை ஏற்காவிட்டால் அவள் பதிவு ரத்து.

"பவர் கட்னு போட்டுடும்மா," என்றார் துரைராசு. "மெஷினை அணைச்சு சாமி கும்பிட்டோம்னு எழுதுனா சிரிப்பாங்க."

"அன்னைக்குக் கரண்ட் போகவே இல்லைங்க சார். நீங்க கற்பூரம் காட்டினீங்க."

"கையெழுத்து நான்தானே போடணும்?"

"போடாட்டியும் குழு முன்னால போறேன் சார். ஏன் போடலைன்னு கேட்டா சொல்லணும், அவ்வளவுதான். புழுவோட முட்டையே பிழையைப் பிள்ளைகிட்ட தள்ளிவிடுறதில்லை. நான் எப்படிங்க சார்?"

வாசலில் முருகையன் அவளை மறித்தார். "என் பேரை எழுதிட்டியாம்மா?"

"இல்லைண்ணே. பூஜைக்காகத் துறை அணைச்சதுன்னுதான்."

"சாமி குத்தம் ஒண்ணும் இல்லையே?"

"சாமி ஸ்விட்சைத் தொடலைண்ணே."

துரைராசு கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் அவள் சொல்லவேண்டியது இன்னும் நீளும்.

குழுவில் வெளியூர்ப் பேராசிரியர் பிரகதீஸ்வரி, பூஜைக்காக அணைத்தது என்ற வரியில் விரல் வைத்தார். சிரிக்கத்தான் செய்தார். "ஒரு தடவை நடந்த தவறு. இதை எப்படிம்மா நம்புறது?"

"மறுபடி மூணு தடவை அதே சூட்டுல நானே வச்சுப் பார்த்தேங்க மேடம். பூஜை இல்லாமலே. அதேதான் வந்துச்சு."

அறிக்கையை ஏற்றார்கள். துரைராசு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவருஷம் பூஜைக்கு முருகையன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, இன்குபேட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் சுடர்விழி. ஒரு கை ஸ்விட்சின் மேல்.

"பொட்டு வைங்கண்ணே. ஓய்வு மட்டும் வேண்டாம்."