எஞ்சின் பணத்தை ஸ்மால் கேப்பில் போட வைத்தேன்

மார்ச் 18, காலை 9.20. சிறுசேரி போகும் ஷட்டில் வேனில் ஒன்பது பேர். ஒன்பது போனிலும் பங்குச்சந்தை சிவப்பு.

வேன் ஓட்டும் செல்வம் கோவளத்துக்காரன், என் வயசுதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினான். போன வருஷம் நான் சொல்லித்தான் சின்னக் கம்பெனிப் பங்குகளை வாங்கும் ஸ்மால் கேப் ஃபண்டில் பணம் போட்டான்.

“இன்னா மச்சான், கொறஞ்சிகினே கீது?”

“அஞ்சு வருஷம் தொடாத. ஏறிடும்.”

“அஞ்சு வருஷமா? அடுத்த மாசம் தடைக்காலம். பெரிய போட்டுங்க கடலுக்குப் போவாது. எங்க சின்ன போட்டு மீனுக்கு அப்பதான் நல்ல வெல. அதுக்குள்ள தம்பி போட்டுக்கு எஞ்சின் வாங்கணும். அந்தத் துட்டுதான் இது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“எவ்ளோ கீதுன்னு கேட்ட. எப்ப வோணும்னு கேட்டியா நீ?”

போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இனிச் செய்யப்போவது:

1. மதியம் செல்வத்தோடு உட்கார்ந்து, எஞ்சினுக்கு வேண்டிய அளவு ஃபண்டை நஷ்டத்திலேயே விற்பேன். ஏறும்வரை காத்திருந்தால் சீசன் போய்விடும்.

2. குறைகிற தொகையில் பாதி நான் தருவேன். வாங்க மாட்டான். சண்டை போடுவேன்.

3. என் பேச்சைக் கேட்டுப் பணம் போட்டவர்கள், அது எப்போது வேண்டும் என்று கீழே எழுதுங்கள். திட்டுவதென்றால் தனி கமென்ட்டில்.