ஒன்பதாம் நம்பர் மலையில் எடுத்த படம்

மடுல்சீமைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இரண்டு கட்டை தூரம் நடந்தால் வரும் தோட்டத்தில் விதுஷா பிள்ளைமடுவம் பார்த்து வந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப் போகும் பதினான்கு பிள்ளைகளும் மாலை வரை அவள் பொறுப்பு. வயது இருபத்தெட்டு. பசறையில் உயர்தரம் படித்து, அதற்குப் பிறகு தபால் மூலம் ஒரு டிப்ளோமாவும் முடித்திருந்தாள். ஆறு வருடமாகப் போட்ட விண்ணப்பங்களில் ஒன்றுக்கு அந்த மாதம்தான் பதில் வந்தது. தோட்டக் கம்பனி தன்னுடைய தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாதுகாப்பு உத்தியோகத்தரை எடுக்கப் போகிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை பதுளையில் நேர்முகப் பரீட்சை. அங்கே பத்து நிமிடம் திரையில் படம் காட்டிப் பேச வேண்டும். தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ‘தொழிலாளர் பாதுகாப்பாக நடந்துகொள்ள அவர்களை எப்படி ஊக்குவிப்பீர்கள்?’

இரவல் வாங்கிய மடிக்கணினியில் இரண்டு நாள் உட்கார்ந்து ஏதோ ஒன்றைச் செய்து முடித்தாள். அவளுடைய அம்மா அங்கம்மா, பறித்துக் களைத்து வந்த கையோடு குனிந்து பார்த்தாள். மஞ்சள் தொப்பியும் தடித்த சப்பாத்தும் போட்ட ஆட்கள் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவுங்கெல்லாம் யாரு?”

“வேல செய்யிறவங்கம்மா.”

“எந்தத் தோட்டத்துல?”

விதுஷா எல்லாவற்றையும் அழித்தாள். இந்த மலையில் ஆளைக் கொல்வது எது என்று யோசித்தால், அதற்குக் கணினி தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு கீழ்ப் பிரிவில் ஒருவர் குளவி கொட்டிச் செத்தார். அதற்கு முந்திய வருடம் ஒரு பெண்.

“இப்ப எங்கயாச்சும் கூடு இருக்காம்மா?”

ரொட்டியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே அங்கம்மா சொன்னாள்: “ஒம்பதாம் நம்பர் மலையில இருக்கு. சவுக்கு மரத்துல. ஒரு மாசம் இருக்கும்.”

“நீங்க அங்கதானே பறிக்கிறீங்க? கங்காணிகிட்ட சொல்லலியா?”

“சொன்னா மலைய நிப்பாட்டிருவாங்க. நம்மள மேல பொட்டலுக்கு அனுப்புவாங்க. அங்க ஏது கொழுந்து? கிலோ வராது. அரைப்பேர்தான் போடுவாங்க. போன வருசம் ஒருத்தி சொல்லப் போயி இருவது பேரும் அரைப்பேர் வாங்குனோம். ஒரு வாரம் அவகூட யாரும் பேசல.”

ஒரு நாள் உழைத்தும் அரை நாள் கூலி. விதுஷா அன்று ஒரே ஒரு வரிதான் எழுதினாள்: ‘ஆபத்தைச் சொல்பவருக்கு அரைப்பேர், சொல்லாதவருக்கு முழுப்பேர்.’ இதை வேறு எவரும் அந்த அறையில் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. படம் ஒன்றுதான் குறை.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறினாள். மரத்தின் பாதி உயரத்தில், கிளைக்கு அடியில், நெல் மூட்டை அளவுக்குக் கூடு தொங்கியது. அதன் மேற்தோல் அசைந்துகொண்டே இருந்தது. கிட்டப் போகப் போக ஒரு முனகல் காதுக்குள் இல்லாமல் பல்லுக்குள் கேட்டது. அதற்குக் கீழே, மரத்திலிருந்து பத்தடி தள்ளி, அவர்கள் வீட்டை ஒட்டிய அடுத்த காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தாள்.

“படம் புடிச்சு என்னா செய்யப் போற?”

“இன்டர்வியூக்கு அத்தே.”

“நல்லாப் புடி. வேல கெடச்சதும் மொதல்ல இத எடுக்கச் சொல்லு.”

இறங்கி வரும்போது வளைவில் கங்காணி நல்லையா நின்றார். எங்கே இந்தப் பக்கம் என்று கேட்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நேர்முகக் குழுவில் தோட்டத்தை நடத்தும் துரையும் இருப்பார் என்று ஆபீஸ் கிளார்க் சொல்லியிருந்தார். கொழுந்து தளதளவென்று வந்திருக்கும் வாரத்தில் பிள்ளைமடுவத்துப் பெண் வந்து மலையை நிறுத்தினாள் என்று துரை காதுக்குப் போனால்?

“சும்மா வந்தேன் மாமா.”

நல்லையா ஒரு தரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பார்க்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பாத்துப் போம்மா,” என்றார்.

வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுவார்கள் என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். ஒரு மாதம் இருந்தது இன்னும் ஒரு வாரம் இருக்காதா? திங்கட்கிழமை காற்றுத் தொடங்கியது. “இன்னிக்கு அது ஒரு மாதிரி சத்தம் போடுது,” என்றாள் அங்கம்மா. செவ்வாய்க்கிழமை மத்தியானம், தூங்கும் பிள்ளைகள் முன்னால் நின்று விதுஷா பேசிப் பழகினாள். ‘ஆபத்தைக் கண்டவர் அந்த நிமிடமே சொல்ல வேண்டும்’ என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது. மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் தடுக்கியது. கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டாள்.

புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். மலைப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. அதன் பின்னால் பல கூச்சல்கள். விதுஷா ஜன்னல்களை அடித்துச் சாத்தினாள். கதவின் அடியில் பிள்ளைகளின் போர்வைகளை அடைத்தாள். பருந்து ஒன்று கூட்டில் அடித்துவிட்டதாம். கண்ணாடிக்கு வெளியே பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போர்த்தியிருந்த ஒருத்தி அவள் அம்மா.

குளவிகள் அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தாள். அங்கம்மாவின் கழுத்தில் இரண்டு இடம் தடித்திருந்தது.

“விஜயலெட்சுமி விழுந்துட்டா. எந்திரிக்க முடியல அவளுக்கு,” என்றாள்.

ஒன்பது பேரைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாலைக்குள் எட்டுப் பேர் திரும்பினார்கள். விஜயலெட்சுமியை மட்டும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் விதுஷாவும் பதுளைக்குப் போனாள். போகாமல் இருந்துவிடலாமா என்று வளைவுக்கு வளைவு நினைத்தாள். குழுவில் மூன்று பேர். துரை ஓரத்தில் இருந்தார். நடுவில் இருந்தவர் சிவசுப்பிரமணியம், கம்பனியின் ஆளணி அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். அரைப்பேர் பற்றிய வரியைக் காட்டியதும் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். அடுத்ததாகக் கூட்டின் படம் திரைக்கு வந்தது.

“இது நேற்றுக் கொட்டின கூடு தானே பிள்ளை?”

“ஆமாங்க ஐயா.”

“படம் எப்ப எடுத்தது?”

“போன வெள்ளிக்கிழமை.”

“ஆரிட்டச் சொன்னனீங்கள்?”

துரை கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருகிட்டயும் சொல்லல ஐயா. சொன்னா இந்த வேல கெடைக்காதுன்னு பயந்தேன். மலையில இருக்கிற பொம்பளைங்களுக்கு அரைப்பேர் பயம். எனக்கு இந்த வேல பயம். கங்காணிக்குத் தொரை பயம். எல்லாரும் கூட்டப் பாத்தோம். சொல்லுறவங்களுக்கு அன்னிக்கு முழுப்பேர் போடுங்க ஐயா. அத விட்டுட்டு எத்தன போஸ்டர் ஒட்டுனாலும் ஒன்னும் ஆகாது. எனக்குச் சொல்ல வேற ஒன்னும் இல்ல.”

பத்து நிமிடத்தில் நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. சிவசுப்பிரமணியம் எதையோ எழுதினார். நீங்கள் போகலாம் என்று துரைதான் சொன்னார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். விஜயலெட்சுமியின் முகம் வீங்கி, யாருடையதோ போல இருந்தது. குரலை வைத்துத்தான் விதுஷா ஆளைத் தெரிந்துகொண்டாள்.

“அத்தே, நான் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்.”

“நாந்தான் ஒரு மாசமா அதுக்குக் கீழ நின்னேனே,” என்றாள் விஜயலெட்சுமி. பிறகு தண்ணீர் கேட்டாள். நர்ஸ் கொடுக்கக் கூடாது என்றார். சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம்.

சனிக்கிழமை விடியும்போது அவள் இறந்தாள்.

வேலை வேறு யாருக்கோ போனது. கடிதம்கூட வரவில்லை, கிளார்க் சொல்லித்தான் தெரியும். ஒன்பதாம் நம்பர் கூட்டை ஆள் வைத்து எரித்தார்கள். மூன்று வாரம் கழித்து, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது: ஆபத்தைக் காணும் தொழிலாளர் உடனடியாக அறிவிக்க வேண்டும், தவறினால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும். விதுஷா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

“அரைப்பேரப் பத்தி என்னா போட்டிருக்கு?”

“ஒன்னும் போடலம்மா.”

அன்றிரவு விதுஷா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கம்பனிக்கு எழுதினாள். தோட்டத்தில் இன்னும் எங்கெங்கே கூடு இருக்கிறது என்று அம்மா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டாள். நாலாம் நம்பரில் ஒன்று. வாய்க்கால் ஓரம் ஒன்று. பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் கற்பாறை இடுக்கில் ஒன்று, அது சின்னது, வளர்ந்து வருகிறது. கடைசியில் தன் பெயரை எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

காலையில் பெரட்டுக்கு அம்மாவோடு அவளும் போனாள். நல்லையா பெயர் கூப்பிட்டு முடித்து, இன்றைக்கு நாலாம் நம்பர் மலை என்றார். அங்கம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

“அங்க கூடு இருக்கு கங்காணி. எடுத்த பெறகுதான் எறங்குவோம்.”

மற்றப் பதினெட்டுப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். கங்காணி மேலே பொட்டல் மலையைக் கை காட்டினார். ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசாமல், அங்கம்மாவைத் திரும்பியும் பார்க்காமல், வரிசையாக ஏறத் தொடங்கினார்கள். அங்கம்மா கூடையை எடுத்துக்கொண்டு கடைசியாகப் போனாள்.