எலும்புகளுக்கு ஒரு மண்டபம்

ஒலாந்தினாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் ஊர் ஃபாத்துலையில் கிடையாது. ஞாயிறு பூசையில் பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால், முன்வரிசையில் இருந்து சத்தமாகக் கொட்டாவி விடுவாள். அவளுடைய பன்றியைத் திருட வந்தவன், அவள் திட்டிய திட்டில் தன் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறைதான் மனதில் இருந்ததைச் சொல்லாமல் விட்டாள்.

அவளுடைய அண்ணன் சத்துர்னினோ மலைக்காட்டில் போராளியாக இருந்து செத்தவன். நாட்டைப் பிடித்து வைத்திருந்த இந்தோனேசியப் படை வெளியேறிய பிறகு அவன் எலும்புகளைத் தோண்டி எடுத்து, கைத்தறித் துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் உள்ளறையில் வைத்திருந்தாள். காலையில் முதல் காப்பி அவனுக்குத்தான். எங்கள் பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு பெட்டி உண்டு. சுதந்திரம் வந்து எத்தனையோ வருடமாகியும், அதற்காகச் செத்தவர்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள்.

கடலுக்கடியில் எண்ணெய் இருக்கும் நாடு. அந்தப் பணத்தில் தலைநகரத்தில் என்னென்னவோ எழும்பியது. எங்களுக்கு வந்தது ஒரே ஒரு வேலைக்கான பணம். ஆற்றின் மேல் தொங்குபாலமா, போராளிகளின் எலும்புகளுக்கு மண்டபமா, எது முதலில் என்று ஊரே கூடிக் கைதூக்கிச் சொல்ல வேண்டுமாம். மற்றதற்கு எப்போது பணம் வரும் என்று கேட்டோம். வந்த அதிகாரி சிரித்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல மனமில்லை போலிருக்கிறது.

மழைக்காலத்தில் ஆறு புரண்டால் நாங்கள் இந்தக் கரை, ஆஸ்பத்திரி அந்தக் கரை. ஒலாந்தினாவின் ஒரே மகள் சுல்மீரா அப்போது உண்டாகியிருந்தாள். பேறுகால மாதம் சரியாக மழையில் வந்து விழுந்தது. தாய்க்கு அந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து தூக்கமில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு தியோனீசியா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு நீதான் பேசணும். பாலம்னு நாங்க சொன்னா, செத்தவங்க வாயில இருந்து சோத்தப் புடுங்கித் தின்னுட்டாங்கன்னு ஊரு காறித்துப்பும். உன் வீட்லயே எலும்பு இருக்கு. நீ சொன்னா எவன் என்ன கேட்டுர முடியும்?"

"இத்தன தடியன்க இருக்கீங்க, பேசறதுக்கு மட்டும் நானா?"

"ஆமாக்கா. நீ சொல்லு, நாங்க கை தூக்கறோம்."

"சரி, பேசித் தொலைக்கிறேன். அப்புறம் எவனாவது கைய மடக்கினீங்க, விரல ஒடிச்சிருவேன்."

மறுநாள் காலையில் காப்பி வைக்கும்போது அண்ணனிடம் கேட்டுக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருண்ணே. உன் மருமக வயித்தப் பாத்தல்ல?"

பள்ளிக்கூடத்தில் கூட்டம். முதலில் எழுந்தது முன்னாள் போராளிகளின் தலைவர் அகபித்தோ. சத்துர்னினோ அவர் மடியில்தான் உயிரை விட்டான்.

"அவன் கடைசியாத் தண்ணி கேட்டான். எங்கிட்ட இல்ல," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மண்டபம் வந்தா மொதப் பேரு அவன் பேருதான். இத்தன வருசமா அவனக் காவல் காத்தவ இந்தத் தங்கச்சி. அவ சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் ஒலாந்தினா பக்கம் திரும்பின. பேச வேண்டியதை அவள் தயாராகத்தான் வைத்திருந்தாள். ஆனால் அழுதுகொண்டு நிற்கும் அந்தக் கிழவனின் முகத்தைப் பார்த்துப் பாலம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அண்ணன் பாவம், இன்னும் பெட்டிக்குள்ளயே கிடக்குறான்," என்றாள். "மண்டபமே கட்டுங்க."

அத்தனை கைகளும் எழுந்தன. தியோனீசியாவின் கையும்தான். கடைசி வரிசையில் வயிற்றில் ஒரு கையை வைத்திருந்த சுல்மீரா, மற்றொரு கையைத் தூக்கினாள்.

மண்டபம் அழகாகவே வந்தது. லாரி வரக்கூடிய சமதளம் ஆற்றங்கரை மேட்டில்தான் இருந்ததால் அங்கே கட்டினார்கள். வெள்ளை ஓடு பதித்த தரை, ஒழுகாத கூரை. எருமை வெட்டி, பூசை வைத்து, பெட்டிகளை உள்ளே வைத்தபோது ஊரே அழுதது. அன்றிரவு ஒலாந்தினா நன்றாகத் தூங்கினாள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழை பிடித்த மாதத்தில் சுல்மீராவுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. மூங்கிலில் துணித் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்னால் தூக்கியவர் அகபித்தோ. ஆறு வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. நனையாத இடம் மண்டபம் ஒன்றுதான். அவளை அந்த வெள்ளைத் தரையில் கிடத்தினார்கள். அகபித்தோ இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். தண்ணீர் அவரைத் தூக்கிக் கரையில் எறிந்தது. மறுபடி இறங்கினார். மறுபடியும் எறிந்தது.

மத்தியானம் கழிந்ததும் சுல்மீரா முனகுவதை நிறுத்தினாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

அகபித்தோ ஒலாந்தினாவின் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அன்னிக்குப் பாலம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, தங்கச்சி? மொதக் கை என் கையாத்தான் இருந்திருக்கும்."

"நீங்கதானே மண்டபம்னு ஆரம்பிச்சீங்க?"

"உனக்காகத்தான் சொன்னேன். எலும்ப வீட்ல வச்சிக்கிட்டு இருக்கிறவ முன்னாடி பாலத்தப் பத்தி எப்படிப் பேசறது? எனக்கும் பேத்தி இருக்கா. எனக்கும் பாலந்தான் வேண்டியிருந்துச்சு."

ஒலாந்தினா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மனிதர் கொஞ்சம் பிழைத்திருப்பார்.

பொழுது சாய்வதற்குள் மழை விட்டது. ஆறு இடுப்பளவுக்கு வடிந்தது. கரையில் காத்திருந்த ஒருவன், உள்ளே நடந்தது தெரியாமல் கத்தினான். "தண்ணி எறங்கிருச்சு! இப்பத் தாண்டிரலாம், தூக்குங்க!"

ஒலாந்தினா மகளின் பாதங்களைத் துணியால் மூடினாள்.

"தூக்குங்க," என்றாள். "வீட்டுப் பக்கம்."