சாத்திய கதவு

கனடாவின் மொன்றியலுக்கு நான் அகதியாக வந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் ஒரு குளிர்காலம். மனநல ஆலோசகரின் அறை ஜன்னலில் குளிருக்காக பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் அது உப்பித் தாழ்ந்தது. மூத்த மகனை ஊரில் சுட்டுக் கொன்ற பிறகும் நான் அழவில்லை என்று பயந்து, இளைய மகன் என்னை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தான்.

திருகோணமலையில் ஏழு வயதில் எனக்கு அம்மை போட்டபோது, ஜன்னலில் அப்பா கட்டிய வேட்டியும் இப்படித்தான் உப்பித் தாழ்ந்தது. அறையெல்லாம் வேப்பிலை வாடை. பக்கத்துப் பாயில் தங்கச்சி பூரணம். நான் கூரையின் வரிச்சுக் கம்புகளை எண்ணிச் சொல்வேன்; அவள் பிழை என்பாள். ஒரு விடியலில் அவள் பாய் வெறுமையாகக் கிடந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"அழாதை ராசா. மாரி அம்மாள் நிக்கிற வீடு. அழுதால் உன்னையும் கொண்டுபோயிடுவா."

அவளும் அழவில்லை. உதட்டைக் கடித்தபடி வேப்பிலையால் எனக்கு விசிறினாள்.

"கதவு சாத்தித்தான் இருக்கு ஐயா. நீங்க கதைச்சாலும் அழுதாலும் ஒருத்தருக்கும் கேக்காது," என்றாள் ஆலோசகராக இருந்த மட்டக்களப்புப் பெண்பிள்ளை.

நான் கூரையின் சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு. மறுபடியும் நாற்பத்தெட்டு.

"என்னய்யா எண்ணுறீங்க?"

"பிழையெண்டு சொல்ல ஆளில்லை, பிள்ளை." நான் சாத்தியிருந்த கதவைக் காட்டினேன். "அந்தக் கதவை ஒருக்காத் திறந்து விடும். ஆருக்காவது கேக்கட்டும்."

அவள் எழுந்து அகலத் திறந்தாள். வெளியே யாரோ பிரெஞ்சில் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லிப் போனார்கள். வாசலைப் பார்த்தபடி, பூரணம் என்றேன். பிறகு மூத்தவனின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை இன்னும் என் வாயைப் பொத்தியபடி இருந்தது.