மதினி அணைத்த சுவிட்ச்

என் அண்ணன் மகனின் குரலை அழித்தவன் நான். அந்தப் பழியை அவனைப் பெற்றவளின் மேல் போட்டவனும் நானே!

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் முகமும் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது. இதைத் துணிச்சல் என்பதா, கோழைத்தனம் என்பதா... நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

திருநகரில் எங்கள் வீடு. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நானும் என் மனைவியும். அண்ணன் பேருந்து நடத்துநர். நான் டவுன்ஹால் ரோட்டில் கம்ப்யூட்டர் விற்றும் பழுதுபார்த்தும் பிழைத்துவந்தேன். மதினியின் பெயர் பஞ்சவர்ணம். அவர்களுக்கு ஒரே பிள்ளை, அழகர்சாமி. எங்களுக்கு அவன் அழகு.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் அவன் படித்துக்கொண்டிருந்தான். ஒரு மாலை வீடு திரும்பும்போது மேலூர் சாலையில் அவன் பைக்கை ஒரு லாரி அடித்துவிட்டது... அதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

மதினி பேச்சையே நிறுத்திவிட்டார். சமைப்பார், பாத்திரம் கழுவுவார், அழகுவின் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். அண்ணன் அவரைத் தேற்றுவதா, தன்னைத் தேற்றிக்கொள்வதா என்று தெரியாமல் தவித்தார்.

மதினியை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்றுதான் அந்த மென்பொருளைக் கொண்டுவந்தேன். என் வாழ்வில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதையும் நானே நாசமாக்கினேன்!

குடும்ப மரம் வரையும் மென்பொருள் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. அதற்குள் பெயர், படம், குரல் என எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். அழகு பயன்படுத்திய கம்ப்யூட்டரிலேயே அதைப் போட்டுக் கொடுத்தேன்.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் தம்பி? உடைச்சுப்புடுவேன்" என்றார் மதினி. பல நாட்களுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

"ஒண்ணும் உடையாது மதினி. அழகு பேரை மட்டும் அடிங்க."

ஒற்றை விரலால், ஆங்கில எழுத்துகளைத் தேடித்தேடி அடித்தார். அவன் பெயர் ஒரு பெட்டிக்குள் வந்து நின்றது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

அதன்பிறகு அவரை யாரும் நிறுத்த முடியவில்லை. அலங்காநல்லூரில் இருந்த தன் தாய்மாமன் வீட்டுக்குப் போன் போட்டார். எங்கள் பக்கத்துச் சொந்தங்களையும் கூப்பிட்டார். கல்யாண வீடுகளில் யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டிகள் கிளைவிட்டுக் கிளைவிட்டுத் திரை கொள்ளாமல் விரிந்தன. பகல் முழுக்க அதுவே வேலையாயிற்று. அவர் சிரித்ததைக்கூட ஒருநாள் பார்த்தேன்!

அழகுவின் பெட்டிக்குள் ஒரு ஒலிப்பதிவைச் சேர்த்துக் கொடுத்தேன். அவன் விளையாட்டாக மைக்கில் பேசிப் பதிந்துவைத்திருந்தது. ஜல்லிக்கட்டு வர்ணனையாளரைப் போல அப்படியே பேசுவான். "மாடு வருது, மாடு வருது... தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு! மாட்டுக்காரருக்கு எங்க ஆத்தா பஞ்சவர்ணம் சார்பா ஒரு சில்வர் அண்டா!" என்று கத்துவான். அதற்குள், "டேய், சோறு ஆறுது, வாடா" என்று மதினியின் குரல் தூரத்தில் கேட்கும். "இந்தா வாரேன்மா" என்று அவன் சொல்வதோடு பதிவு முடியும்.

அந்தப் பதிவைத் தவிர அவன் குரல் இந்த உலகில் வேறெங்கும் இல்லை. அதை மதினி தினமும் கேட்பார். அண்ணன் வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், அவர் பக்கத்தில் நின்று கேட்பார். இருவரும் சேர்ந்து கேட்பார்கள்.

அப்போதுதான் நெட்வொர்க் டிரைவ் என்ற பொருள் என் கடைக்கு வந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க் அடங்கிய ஒரு பெட்டி. வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒயர் வழியாக அதில் எழுதலாம், அதிலிருந்து படிக்கலாம். மதுரையில் அதை வீட்டில் வைத்திருக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்ற பெருமை எனக்கு! மாடியில் அதை வைத்து, கீழே ஒரு ஒயர் இழுத்து, குடும்ப மரத்தின் கோப்பை அதற்கு மாற்றினேன்.

"ரெண்டு டிஸ்க் இருக்குண்ணே. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும். இனிமே அழியவே அழியாது" என்று அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் என் தோளைத் தட்டினார். "எம்புட்டுப் பெரிய காரியம்டா பண்ணியிருக்க" என்றார்.

கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைத்து இரண்டு இடங்களிலிருந்து திறக்காதீர்கள் என்று அந்த மென்பொருளே எச்சரித்தது. படித்தேன். 'சரி' என்ற பொத்தானை அழுத்தினேன். கீழே இருந்த கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அதைத் துடைத்துச் சுத்தமாக்கினேன். பழைய கோப்பு, ஒலிப்பதிவு எல்லாம் அதிலிருந்து போயின. அதுதான் மேலே இருக்கிறதே என்ற எண்ணம்... எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன், இன்னொரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள் என்று! என் வீட்டில் நான் வைக்கவில்லை.

ஒருநாள் காலை, கீழவாசல் பக்கத்துச் சேலை வியாபாரி ஒருவர் அந்தப் பெட்டியை வாங்க விரும்பி, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வீட்டுக்கு வந்தார். அவரிடம் காட்டுவதற்குக் குடும்ப மரத்தைவிட அழகானது வேறில்லை என்று தோன்றியது. மாடிக் கம்ப்யூட்டரில் திறந்தேன். வேறொருவர் இதைத் திறந்து வைத்திருக்கிறார், அதனால் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் செய்தி வந்தது.

அந்த வேறொருவர் மதினி. கீழே பெயர் சேர்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் நின்று, "மதினி, கொஞ்சம் மூடுங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஒரே ஒரு குரல்! ஆனால் வந்தவர் முன்னால் என் பொருள் தடுமாறுவதாகத் தெரிந்துவிடுமே... அந்தப் பூட்டை எப்படி நீக்குவது என்று எனக்குத் தெரியும். நீக்கினேன். கோப்பு திறந்தது.

அதோடு விட்டேனா? "உங்க பேரைக்கூட இப்படிச் சேர்க்கலாம் சார்" என்று அந்த வியாபாரியின் பெயரை ஒரு பெட்டியில் அடித்துச் சேமித்தேன். கீழே மதினியும் சேமித்திருக்கிறார். ஒரே கோப்பின் மேல் இரண்டு கைகள்...

வியாபாரி போன சற்று நேரத்தில் மின்சாரம் போனது. அது திரும்பியதும் கீழேயிருந்து மதினியின் குரல்.

"தம்பி... தம்பி! அழகு பெட்டியைக் காணோம்!"

ஓடினேன். மூடிவிட்டு மறுபடி திறந்தால் கோப்பு திறக்கவே இல்லை. சிதைந்ததை முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பிறகுதான் சரிசெய்ய முயல வேண்டும். இது என் தொழிலின் அரிச்சுவடி. பதற்றத்தில் அதையும் செய்யவில்லை. நேரே பழுதுநீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது முடிந்தபோது திரையில் வெறும் பெட்டிகள் சில மிஞ்சின. பெயரில்லை, படமில்லை, குரலில்லை. இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தேன். ஒன்றில் நடப்பதை அதே கணத்தில் மற்றொன்றிலும் செய்வதுதான் அதன் வேலை. அழிவையும் அது ஒழுங்காகப் பிரதி எடுத்து வைத்திருந்தது.

எங்கே பிழை நடந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். கீழே கரண்டு போவதற்கு முன்பே, நான் பூட்டை நீக்கிச் சேமித்தபோதே அது சிதைந்துவிட்டது. நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று மாடிக் கம்ப்யூட்டரில் மிஞ்சியிருந்தது; அது அதைத் தெளிவாகக் காட்டியது. ஆம், எனக்குத் தெரியும்!

மாலையில் அண்ணன் வந்தார். தோளில் தோல்பை தொங்க வாசலிலேயே நின்று, "என்னடா ஆச்சு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. "கரண்டு வந்து வந்து போச்சுன்னு நான்தான் சுவிட்சை அணைச்சேன் தம்பி... அதனாலயா இப்படி ஆயிருச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனும் என்னைப் பார்த்தார். என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

"ஆமா மதினி... அதனாலதான்" என்றேன்.

யாராவது என் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்களா? இல்லை. எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்! அவரே கையில் எடுத்துக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

அண்ணன் கத்தவில்லை. "பெத்த பிள்ளையை ரெண்டாவது தடவையும் தொலைச்சிட்டியேடி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மதினியோடு பேசியது மிகக் குறைவு. சாப்பாட்டை டெப்போவிலேயே முடித்துக்கொண்டு வருவார்.

மதினி அந்தக் கம்ப்யூட்டரை மாடிக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் எந்தச் சுவிட்சையும் தொடமாட்டார். அந்தி சாய்ந்தபிறகு நான் கடையிலிருந்து வந்தால் கீழ்வீடு இருட்டாக இருக்கும். என் மனைவி இறங்கிப் போய் விளக்கைப் போடுவாள். "ஏன்க்கா இப்படி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்பாள். "என் கை ராசி சரியில்லத்தா" என்பாராம்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை படியிறங்கினேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது காரணம். அண்ணன் கோபத்தில் இருக்கிறார்... அண்ணன் இன்று சற்று நன்றாக இருக்கிறார், அதைக் கெடுப்பானேன்... பிறகு அண்ணன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தார்.

அங்கே அவர் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். "அவளும் பாவம்தான்டா. ஆனா மனசு வர மாட்டேங்குது" என்றார்.

சொல்லடா, இப்போதாவது சொல்லடா என்று என் உள்ளம் என்னை அடித்தது. நான் போர்வையைச் சரிசெய்தேன். "ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றேன். அவர் வீடு திரும்பவில்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போனபின் மதினி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். ராத்திரி பகலா நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்தீங்க. அம்புட்டையும் நான் கெடுத்துட்டேன். உங்க அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னா அவரு போயிட்டாரு. நீங்களாச்சும் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி."

கைகூப்பினார்! வயதில் மூத்தவர், என் தாய் இறந்தபின் எனக்குச் சோறு போட்டவர், என் முன்னால் கைகூப்பி நின்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மன்னிச்சேன் மதினி. மனசுல வச்சுக்காதீங்க."

அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார் என்று என் மனைவி சொன்னாள். இப்போது கொஞ்சம் தூங்குகிறாராம். உண்மையைச் சொன்னால் கிடைத்த அந்தச் சிறு நிம்மதியும் போய்விடும். புருஷன் தன்மேல் வைத்திருந்த கோபம் வீண் என்று தெரிந்து அவர் செத்தே போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாக இருக்கலாம். எனக்கு எவ்வளவு வசதியான உண்மை, பார்த்தீர்களா!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே அவர் என் மனைவியோடு பேசும் சத்தம் கேட்கிறது. எனக்குப் பிடிக்குமென்று ஏதோ செய்து கொண்டுவரப்போகிறாராம். படியேறி வருவார். தட்டை நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன்...